அழுக்குத் தெரியாத நிறம்

மார்ச் 4, திங்கள்

இது இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரி. இரண்டு மாதமாகத் தையல் மெஷின் ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் கிடந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். மெஷின் ஆடினால் ஆடட்டும். எனக்கு யாரிடமாவது பெருமையடித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரரிடம் அடிக்க முடியாது, அவர் என்னைவிடப் பெரிதாக அடிப்பார்.

இன்று சுரங்கத்துக்குள் இறங்கினேன்.

எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அது மூடிய பிறகு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வடகர்நாடகத்தில் இந்தச் சுரங்கத்துக்கு வந்தார். பொம்பளை கால் வைத்தால் தங்கம் ஆழத்துக்கு ஓடிவிடும் என்று அப்பா காலத்து ஆட்கள் சொல்வார்கள். சட்டம் மாறிச் சில வருஷம் ஆகியும் எங்கள் கம்பெனி இப்போதுதான் துணிந்திருக்கிறது. எட்டு வருஷமாக மேலே லேபில் கல் பொடியைச் சோதித்துக்கொண்டிருந்த இந்த ஹெப்சிபா இனிக் காற்றோட்டப் பிரிவு. அதுவும் ஒரு மாத வெள்ளோட்டம்தான். ஏப்ரலில் கமிட்டி கூடி, இவள் கீழேயா மேலேயா என்று முடிவு சொல்லும்.

என் வேலை, பதினேழாம் லெவல் வடக்கு முனையில் லோடர் ஓட்டுகிறவர்கள் எவ்வளவு டீசல் புகையை உள்ளே இழுக்கிறார்கள் என்று அளப்பது. வடக்கு முனை ஒரு முட்டுச் சந்து. கேஜ் என்கிற லிஃப்ட் இறங்கும் ஷாஃப்டிலிருந்து நெடுந்தூரம் போய்ப் பாறையில் முட்டி நிற்கும். போகிற வழிதான் வருகிற வழியும். அதற்குள் டீசல் லோடர்கள் உறுமிக்கொண்டு போய்க் கல் அள்ளி வரும். காற்று தானாக அங்கே போகாது. ஒரு பெரிய ஃபேன் ஊதி, கூரையில் தொங்கும் மஞ்சள் துணிக்குழாய் வழியாக முனைவரைக்கும் தள்ள வேண்டும்.

அளக்கிற கருவி சோப்பு டப்பா அளவு பம்ப். பெல்ட்டில் மாட்டி, அதிலிருந்து மெல்லிய குழாயைச் சட்டைக் காலர்வரை கொண்டுவந்து குத்த வேண்டும். குழாய் நுனியில் நாணயம் அளவுக்கு வெள்ளை வட்டத் தாள். ஆள் எந்தக் காற்றை மூச்சில் இழுக்கிறானோ அதையே தாளும் இழுக்கும்.

மூன்று பேருக்கு மாட்டினேன். டிரைவர் குணசீலன், மேஸ்திரி பரஞ்சோதி அண்ணன், அப்புறம் இன்னொரு டிரைவர் தேவநேசன், அதாவது என் வீட்டுக்காரர். காலரில் கிளிப் குத்தும்போது கழுத்தை நீட்டிக்கொண்டு, "கல்யாணத்துல நான் கட்டினதுக்கு இன்னிக்குப் பழி வாங்கறியா?" என்றார். கேஜுக்குக் காத்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. வீட்டுக்கு வரட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

வண்டி ஓடும் முனைக்கு நான் போகக் கூடாதாம். பெண் ஊழியர் கீழே கேஜ் நிலையத்திலேயே பம்பை மாட்டி, ஷிஃப்ட் முடிந்ததும் அங்கேயே கழற்ற வேண்டும் என்று உத்தரவு. பாதுகாப்பாம். சரி, முதல் மாதமே முறைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மாலையில் தாள்களைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றும் அடுப்புக்கரி. என் முகம் போன போக்கைப் பார்த்துக் குணசீலன் கேட்டான், "இன்னாக்கா, ரிசல்ட் எப்பிடி?"

"பாத்தா தெரியல? உங்க அக்கா ஃபெயில்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

சந்தை. அவருக்குக் கைக்குட்டை வாங்கினேன், கருநீலத்தில். வெள்ளையைத் துவைத்து மாளாது. கருநீலத்தில் அழுக்குத் தெரியாது.

மார்ச் 7, வியாழன்

இரண்டாம் தடவை அளந்தேன். தாள்கள் வெளுப்பாக வந்தன. லேசான சாம்பல், அவ்வளவுதான். என்னால் நம்ப முடியவில்லை. பரஞ்சோதி அண்ணனைக் கேட்டேன். ஃபேனுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று என்றார். "இப்போ காத்து பிச்சிக்கினு வருது பாப்பா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்த மனிதர் பேசும்போது எப்போதும் எதையாவது துடைப்பார்.

ஹிரேமத் சாரிடம் காட்டினேன். அவர்தான் எங்கள் சுரங்க மேனேஜர். பழைய தங்கவயல் ஆட்களோடு பழகித் தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம். "ஹெப்சிபா, இந்த மாசம் நீங்க குடுக்கிற அளவுதான் முக்கியம். அதிகம் வந்தா ஒவ்வொரு வண்டிக்கும் புகை வடிகட்டி வேணும்னு நான் ஹெட் ஆபீஸைக் கேட்பேன். கம்மியா வந்தா மூணாவது லோடர் இறக்கச் சொல்லி அவங்க என்னைக் கேட்பாங்க" என்றார். நியாயமான மனிதர். எதையும் ஒளித்துப் பேசத் தெரியாது.

மார்ச் 9, சனி

மூன்றாம் தடவை. இன்னும் வெளுப்பு. எனக்குப் பாட்டுப் பாட வேண்டும் போலிருந்தது.

பாட்டு என்றதும் ஞாபகம். கோயிலில் புனித வெள்ளிக்குப் பாட்டுக் குழு பயிற்சி தொடங்கிவிட்டது. இவர்தான் கட்டைக்குரல். கடைசி அடியில் எல்லாரும் நிறுத்திய பிறகு இவர் மட்டும் இழுத்து நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் எங்கள் ஷைனி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள், அப்பா எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று. இன்று பாதியில் இருமல் வந்துவிட்டது. பயிற்சி போதவில்லை. ஒரு வருஷமாகத் தொண்டையைச் சும்மா வைத்திருந்தால் இப்படித்தான்.

மார்ச் 13, புதன்

பெங்களூர் லேபிலிருந்து அளவுகள் வந்துவிட்டன. முதல் நாள் தாள்கள் வரம்பைத் தாண்டி எங்கேயோ போயிருக்கின்றன. அதற்கப்புறம் எல்லாம் வரம்புக்குக் கீழே, வெகு கீழே. ஹிரேமத் சார் முதல் நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார். பம்ப் பழகாத நாள், ஃபேனும் சரியில்லாத நாள். எனக்கும் சரி என்று பட்டது. அந்த மூன்றையும் தனி உறையில் போட்டு வைத்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

"கமிட்டியில உங்க பேரு நல்லாத்தான் போகும்" என்றார் சார்.

அவருடைய தலையணை உறையை இரண்டு தடவை துவைத்தேன். கருப்பு போகவில்லை.

மார்ச் 15, வெள்ளி

மூன்றாவது லோடர் இறங்கிவிட்டது. துண்டு துண்டாகக் கழற்றிக் கேஜில் இறக்கிக் கீழே வைத்துப் பூட்டினார்கள். டிரைவர் பசவராஜ், பக்கத்து ஊர்க்காரன், சின்ன வயது. வண்டி மூக்கில் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். எங்கள் கோயில்காரர்களும் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். எனக்கும் ஒரு தேங்காய்ச் சில்லு கிடைத்தது. இனி நான்கு பம்ப்.

என் அளவை நம்பித்தான் இது இறங்கியது. நினைத்தால் கர்வமாகத்தான் இருக்கிறது. தேங்காய்ச் சில்லை மட்டும் ஏனோ வாயில் போடவில்லை.

மார்ச் 18, திங்கள்

ஒரு விஷயம். ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது புருவம், காது மடல், மூக்கு நுனி எல்லாம் கருப்பு. ஆனால் பம்புகள் மணப்பெண் மாதிரி மினுக்கிக்கொண்டு வருகின்றன. தொட்டால் சில்லென்று இருக்கின்றன. பெல்ட் கொக்கியில் கட்டுக்கம்பி ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. "கீழ விழாம இருக்கக் கட்டினோம்" என்றான் குணசீலன். கம்பெனிப் பொருளை இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிற ஆட்களை நான் பார்த்ததில்லை. அதே ஆட்கள்தான் கம்பெனி கொடுத்த முகமூடியைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். கேட்டால், அந்தச் சூட்டில் அதைப் போட்டால் மூச்சு முட்டுகிறது என்பார்கள்.

மார்ச் 20, புதன்

தாள்கள் வெள்ளை. வண்டி மூன்றாகியும் வெள்ளை.

மார்ச் 22, வெள்ளி

இவர் வந்ததும் வராததுமாக வாசல் சாக்கடையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். தலை பிளக்கிறது என்றார். காலனி டிஸ்பென்சரியில் வெயில் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பகல் முழுக்கப் பூமிக்கு அடியில் இருக்கிற ஆளுக்கு எந்த வெயில் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடுத்தபோது எரிந்து விழுந்தேன். "முகமூடியை மூக்கு மேல போடறீங்களா, அழகுக்கு மாட்டிக்கறீங்களா?"

"போடறேன் ஹெப்சி."

"பொய்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "உனக்கு நம்பர் நல்லாத்தான வருது? அது போதும்" என்றார்.

நான் கேட்டதற்கும் இந்தப் பதிலுக்கும் என்ன சம்பந்தம்? தலைவலிக்காரரிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே போய் வெங்காயம் நறுக்கினேன். இன்றைக்குக் குழம்பில் வெங்காயமே கிடையாது.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

ஷைனி எண்ணத் தொடங்குமுன் அவர் உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 26, செவ்வாய்

காலையில் கொல்லையில் அவருடைய தலையணை உறையை ஒரு கையிலும், நேற்றைய தாளை இன்னொரு கையிலும் பிடித்து வெயிலில் பார்த்தேன். அதே ஆள். அதே மூச்சு.

துணி துவைக்க வேண்டும்.

மார்ச் 27, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள், நானும் சொல்வேன்.

இன்று பம்பை மாட்டி அனுப்பிவிட்டுக் கேஜ் நிலையத்தில் உட்காரவில்லை. உத்தரவு போகட்டும் என்று அவர்கள் பின்னாலேயே நடந்தேன். யாரும் தடுக்கவில்லை, தடுக்க ஆள் இல்லை. வழியில் டிபன் முக்கு என்று ஒரு திருப்பம் இருக்கிறது. எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கை அங்கேதான் தொங்கவிடுவார்கள். அங்கே துணிக்குழாயில் கத்தியால் ஒரு கீறல் போட்டு வைத்திருப்பார்கள், சாப்பிடும்போது காற்று முகத்தில் அடிக்க. அப்பா காலத்துத் தங்கவயலிலும் இது உண்டு. யாரும் இதைத் தப்பென்றே நினைப்பதில்லை, வீட்டில் ஜன்னல் திறக்கிற மாதிரி.

கீறல் இப்போது கீறலாக இல்லை. என் கை முழுக்கப் போகிற அளவுக்கு வெட்டியிருந்தார்கள். அதன் நேர் எதிரே, கட்டுக்கம்பியில் வரிசையாக, நான்கு பம்புகள் தொங்கின. நான்கும் என் கையால் மாட்டியவை. குளிர்ந்த காற்றில் லேசாக ஆடிக்கொண்டு, நல்ல பிள்ளைகள் மாதிரி ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தன.

அதற்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்தேன். கீறலுக்கு அப்பால் முனையை நோக்கிப் போகிற துணிக்குழாய், ஊதாத பலூன் மாதிரி தொங்கிக் கிடந்தது. காற்று முழுக்க இங்கேயே கொட்டிக்கொண்டிருந்தது. பம்புகளுக்கு.

ஓடினேன். கொஞ்ச தூரத்திலேயே தொண்டை எரிந்தது. கண்ணில் தண்ணீர். லோடர் விளக்கு எங்கே என்று தெரியவில்லை, மஞ்சளாக ஏதோ கலங்கித் தெரிந்தது. ஒரு எஞ்சின் ஒரே இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதில் குணசீலன் ஸ்டீயரிங் மேல் கன்னத்தை வைத்துத் தூங்குகிறவன் போலக் கிடந்தான். கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை என் பக்கம் சாய்ந்தது, கண் திறக்கவில்லை.

அவன் வண்டி சாவியைத் திருகி நிறுத்திவிட்டு, "வண்டியை நிறுத்துங்க! எல்லாத்தையும் நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் குரல் அப்படி வரும் என்று எனக்கே தெரியாது. இருட்டிலிருந்து இவரும் பசவராஜும் ஓடி வந்தார்கள். இவர் வந்த வேகத்தில் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் குணசீலனை இறக்கித் தூக்கினோம். முனையில் நின்றிருந்த பரஞ்சோதி அண்ணன் முன்னால் ஓடி விளக்குப் பிடித்தார். டிபன் முக்குவரை வந்து, அவனைக் கீறலுக்கு நேரே உட்காரவைத்து முகத்தைக் காற்றில் பிடித்தோம். நான்கு பம்புகளையும் நான் பிடுங்கி எறிந்தேன், அவன் மூக்குக்கு இடம் வேண்டும் என்று.

ரொம்ப நேரம் கழித்து இருமினான். அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

அப்புறம்தான் கேட்டேன். பரஞ்சோதி அண்ணன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, அதைத் துடைச்சது போதும். இது இன்னா வேலை?"

"உனக்காகத்தாம் பாப்பா" என்றார். "மொத நாளு நீதான சொன்ன, அக்கா ஃபெயில்னு. பொம்பளப் புள்ள மொத மொதல்ல எறங்கியிருக்குது, நம்மால அது பெயிலாவக் கூடாதுன்னு எல்லாருமா பேசிக்கினோம். காத்து நல்லா அடிக்கட்டும்னு கிழிசலை நான்தான் பெருசு பண்ணேன்."

நான் இவரைப் பார்த்தேன். "நீங்களுமா?"

"நீ மேல போயிட்டா மறுபடி லேபுதான். இங்க வந்த நாள்லேர்ந்து வீட்ல நீ பாடிக்கினே இருந்த ஹெப்சி. கெடுக்க மனசு வரல" என்றார். சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அடிக்கக் கை ஓங்கினேன். நிஜமாகவே ஓங்கினேன், நாலு பேர் முன்னால். அடிக்கவில்லை. அவருடைய காலரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மார்ச் 28, வியாழன்

குணசீலன் பிழைத்துவிட்டான். டவுன் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். அவன் பெண்சாதி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நல்ல வேளை நீங்க இருந்தீங்க என்றாள். எனக்கு நெருப்பில் நிற்கிற மாதிரி இருந்தது.

ஹிரேமத் சார் விபத்து அறிக்கையில் வெப்ப மயக்கம் என்று எழுதப் போகிறார். நான் புகை என்றேன். அவர் என் அளவுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல புகை எங்கே இருக்கு? நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. இதை வச்சுக்கிட்டு நான் புகைன்னு எழுதினா ஹெட் ஆபீஸ் என்னைக் கேட்காதா?" கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். என் வாயை என் கையெழுத்தே அடைத்துவிட்டது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அளக்கிற கருவியில் கை வைத்தவர்களுக்கு சஸ்பென்ஷன், நால்வருக்கும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மூன்று லோடரும் மறுபடி அதே சந்தில் ஓடும். வடிகட்டி வராது.

மாலை பரஞ்சோதி அண்ணன் வீட்டுக்கு வந்தார். கிழிசலைத் தைத்தாயிற்று, அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காக மாட்டிக்கொள்கிறோம், இந்த மாதத்தை இப்படியே விட்டுவிடு என்றார். "அடுத்த மாசம் யாரு அண்ணே ஸ்டீயரிங்ல சாயறது?" என்று கேட்டேன். டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

மார்ச் 29, புனித வெள்ளி

மூன்று மணி ஆராதனை. பாட்டுக் குழுவில் இவர் நின்றார், வாய் அசைந்தது. அந்தக் கடைசி அடியில் எல்லாரும் நிறுத்தியதும் கோயிலில் சத்தமே இல்லை. ஷைனி நீட்டிய விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் இவரிடம் சொன்னேன், எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று.

"எழுது" என்றார். "எங்க பேரையும் போடு."

"போட மாட்டேன். மாட்டிவிட்டுட்டு நான் போய் உக்காந்துக்கினேன். தாள் வெளுப்பா வந்ததும் சந்தோஷப்பட்டேன். ஒரு கேள்வி கேக்கல. உங்க தலையணையைத் துவைச்சவ நான்."

"அதெல்லாம் எழுதுவியா?"

"அது வீட்டு விஷயம்" என்றேன்.

மார்ச் 30, சனி

கொடுத்துவிட்டேன். அரைப் பக்கம். முதல் நாள் அளவு மட்டுமே உண்மை. மற்றவை எடுக்கப்படும்போது நான் பக்கத்தில் இல்லை, பம்புகள் ஆட்கள் மேல் இல்லை, ஆகவே எதுவும் செல்லாது. அவற்றை நம்பி இறக்கிய மூன்றாவது லோடரை நிறுத்த வேண்டும். நான் முனையிலேயே முழு ஷிஃப்டும் நின்று புதிதாக அளக்க அனுமதி வேண்டும்.

ஹிரேமத் சார் இரண்டு தடவை படித்தார். கன்னடத்துக்குப் போய்விட்டார். பம்புகள் ஆட்கள் மேல் இல்லை என்றால் எங்கே இருந்தன, யார் கழற்றினார்கள் என்றார். மாட்டிவிட்டுப் போனவள் நான் என்று மட்டும் சொன்னேன். பிறகு தமிழுக்குத் திரும்பி வந்தார். "இதை நான் வாங்கிட்டேன்னா கமிட்டிக்குப் போயிடும். கீழ உங்க வேலை அன்னிக்கே முடிஞ்சுது. தெரியுமில்ல? இப்பக்கூடத் திருப்பித் தர்றேன்."

காகிதத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நல்ல மனிதர், நான் எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்தார்.

எனக்கு அந்தக் கேஜ் பிடிக்கும். இறங்கும்போது வயிறு மேலே ஏறுமே, அது பிடிக்கும். ஈரக் கல் வாசனை பிடிக்கும். அப்பா பார்த்த இருட்டை நானும் பார்க்கிறேன் என்கிற நினைப்பு பிடிக்கும். எல்லாம் ஒரு நிமிஷத்தில் வந்து போயிற்று.

காகிதத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

வெளியே வந்தால் வராந்தாவில் பரஞ்சோதி அண்ணன், இவர், பசவராஜ். மூவரும் துவைத்த சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தார்கள். "நகரு பாப்பா, நாங்களும் சார்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் அண்ணன். நான் தடுத்தேன். இவர் என்னை மெதுவாக ஓரமாக நகர்த்திவிட்டு உள்ளே போனார்.

ஏப்ரல் 1, திங்கள்

ஈஸ்டருக்குச் செய்த இனிப்பு அப்படியே மிச்சம். விசாரணை முடியும்வரை வடக்கு முனையில் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளை ஒரு நாள் மட்டும் அளப்பதற்காக ஓட்டலாம் என்று சார் அனுமதி வாங்கியிருக்கிறார். அவரும் வருகிறாராம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஷிஃப்ட் முழுக்க முனையில் நின்றேன். தைத்த துணிக்குழாய் புடைத்துக்கொண்டு காற்று ஊதியது. கேஸ் மீட்டரைக் கையிலேயே வைத்திருந்தேன், அது கத்தினால் உடனே நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு. ஆளுக்கொரு பம்ப், காலருக்குக் காலர், ஒருவர் விடாமல் நானே பார்த்தேன். என் காலரிலும் ஒன்று. ஹிரேமத் சார் தன் காலரைத் தானே நீட்டினார்.

குணசீலன் வண்டியை வேறு ஷிஃப்ட் டிரைவர் ஓட்டினார். மூன்று வண்டியும் உள்ளே வந்ததும் புகை கூரையிலிருந்து மெல்ல இறங்கியது. முதலில் தொப்பி விளக்குகள் மங்கின, அப்புறம் முகங்கள். இரண்டு தடவை மீட்டர் கத்தி, இரண்டு தடவை எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி உள்ளே வந்தோம். இவர் வண்டி என்னைக் கடந்து போகும்போதெல்லாம் நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், ஏதோ அதனால் அவருக்கு மிச்சமாகும் என்பது போல. ஒவ்வொரு தடவை அவர் வெளிச்சம் பாறைப் பக்கம் போய் மறையும்போதும், திரும்பி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. கடைசியில் சார், "காத்து சரியா வந்தும் இவ்வளவா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

கேஜ் நிலையத்தில் தாள்களைக் கழற்றினோம். லேபுக்கு அனுப்பித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இவர் தன்னுடையதைத் தானே கழற்றி, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். கன்னங்கரேல் என்று இருந்தது.

"இந்தா ஹெப்சி. ஃபெயில்" என்றார்.

அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

நேற்று கமிட்டி. மூன்றாவது லோடரை வெளியே எடுக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் புகை வடிகட்டி வரும்வரை ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் உள்ளே. விபத்து அறிக்கையில் வெப்பம் என்பதை அடித்துவிட்டுப் புகை என்று எழுதினார்கள். இவர், பரஞ்சோதி அண்ணன், பசவராஜ் மூவருக்கும் இரண்டு வாரம் சஸ்பென்ஷன். குணசீலனுக்கு ஆஸ்பத்திரியே தண்டனை என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு மறுபடி லேப். கண்காணிப்பில் தவறியதால். பம்ப் வேலைக்கு ஹூப்ளியிலிருந்து ஒரு பையன் வருகிறான். அவன் முனைவரைக்கும் போகலாம், ஆண்பிள்ளை.

ஆத்திரமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் என்ன, இது என் டைரி. அவர்கள் என்னைக் காப்பாற்றப் பார்த்தார்கள், நான் அவர்களைக் காப்பாற்றப் பார்த்தேன், கடைசியில் ஆளுக்கொரு பக்கம் அடி வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். டவுனில் இவருக்கு ஊதவைத்துப் பார்த்தார்கள். இந்த வயதுக்கு இருக்க வேண்டிய மூச்சு இல்லை. இனிப் புகை படாமல் இருந்தால் இதற்கு மேல் போகாமல் இருக்கலாம் என்றார் டாக்டர். போனது வருமா என்று ஷைனி கேட்டாள். டாக்டர் அவளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

இன்று வடிகட்டி பொருத்திய லோடரை இவர் முதல் தடவையாக ஓட்டிவிட்டு வந்தார். குணசீலனும் வேலைக்குத் திரும்பிவிட்டான். இவர் வாசலில் நின்று இருமினார். கொஞ்சம்தான். நான் தட்டில் சாதம் போட்டுக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டுக் கருநீலக் கைக்குட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கு எப்படி என்றேன். நல்லாத்தான் இருந்துது என்றார். முன்பெல்லாம் இருமிக்கொண்டு வந்த நாளிலும் இதையேதான் சொன்னார்.

சாயங்காலம் சந்தைக்குப் போய் வந்தேன். அவருடைய கருநீலக் கைக்குட்டைகளை எல்லாம் அடுப்புத் துடைக்க எடுத்து வைத்துவிட்டேன். புதிதாக ஒரு டஜன் வாங்கினேன், எல்லாம் வெள்ளை. கடைக்காரர், "மைன் ஆளுக்கா? சீக்கிரம் அழுக்குத் தெரிஞ்சிடும்மா" என்றார்.

தெரியட்டும் என்றேன்.